நான் படிக்காமல் விட்ட வரி

மகளுக்கு,

இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். நலமா என்று கேட்டுத் தொடங்க மாட்டேன். உன் நலம் உன் அம்மா மூலமாகத் தினமும் என் காதில் விழுகிறது. என் நலத்தைத்தான் நீ அங்கிருந்தே கெடுத்துக்கொண்டிருக்கிறாய்.

அவளுக்கு இந்தக் கொரியத் தொடர்களைப் பழக்கிவிட்டது நீதான். "ஒரே ஒரு எபிசோடு பாரும்மா, பிடிக்கலைன்னா விட்டுடு" என்றாயாம். எந்தக் கெட்ட பழக்கமும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. இப்போது குக்கர் விசிலை எண்ணுவது என் வேலையாகிவிட்டது.

போன மாதம் அவளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததல்லவா? சின்ன எழுத்துகளைக் கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்றார் டாக்டர். டிவியே கூடாது என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. "என்னங்க, எம்.ஏ. படிச்சிருக்கீங்க, கீழ ஓடுற இங்கிலீஷைத் தமிழ்ல சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று என்னை சோபா ஓரத்தில் உட்காரவைத்தாள். அலுவலகத்தில் என் படிப்பை ஒருவரும் மதித்ததில்லை. கடைசியில் அது இதற்குப் பயன்பட்டது.

ஒருத்தன் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு எபிசோடும் மழையில் நிற்கிறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்துவிடும், சொல்ல மாட்டான். பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. குடைக்காரன், முதலாளி மகன், சூப் கடைக்காரர் என்று நானே வைத்துக்கொண்டேன். "நீ இல்லாத வீடு எனக்கு வீடே இல்லை" என்று குடைக்காரன் உருகினால், அதை நான் உன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசாத பேச்சு. "இன்னொரு தரம் சொல்லுங்க, சரியா கேக்கலை" என்கிறாள். அறுவை சிகிச்சை கண்ணில்தானே நடந்தது?

அலுவலகத்தில் புலம்பியது இன்னொரு மடத்தனம். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என் மேஜைக்கு ஃபைலோடு வந்து, "சார், அந்தப் பொண்ணு குடைக்காரனைத்தானே கட்டிக்குவா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். என் பதவி உயர்வைப் பற்றிப் பேச மட்டும் அவருக்கு நேரமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை. கதாநாயகியின் அப்பா, அந்த சூப் கடைக்காரர், கோபித்துக்கொண்டு போன மகளின் வாடகை அறை வாசலில் வந்து நிற்கிறார். "தப்பு என்னோடதுதான். வீட்டுக்கு வா" என்று கீழே எழுத்து ஓடியது. நான், "பஸ் கிடைக்கல, அதான் லேட்டு" என்று படித்தேன்.

உன் அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பக்கத்துத் தலையணைக்கு அடியிலிருந்து உன் குரல்: "அம்மா, அவர் தப்பா படிக்கிறாரு."

தூக்கினால் செல்போன். நீ அங்கே அதே எபிசோடைப் போட்டுக்கொண்டு, இத்தனை நாளும் நான் படித்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். குடைக்காரன் வசனம் உட்பட! உன் அம்மா கொஞ்சமும் கூசாமல், "அவதான் உங்க குரலைக் கேக்கணும்னா. நேரா சொன்னா எழுந்து போயிடுவீங்களே" என்றாள். எழுந்துதான் போனேன்.

ஒட்டுக்கேட்டதைக்கூட விடு. அதென்ன 'அவர்'? நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா? நான் கைகட்டி நின்று வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டு, நாய்களுக்கு முடி வெட்டக் கடல் தாண்டிப் போனாய். "இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே" என்று சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. அதை இப்படியா எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பாய்? வேலையை விடாதே என்றும்தான் சொன்னேன். அதைக் கேட்டாயா?

அன்றிலிருந்து இங்கே டிவி ஓடவில்லை. கடைசி எபிசோடு பாக்கி. அணைத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து உன் அம்மா மடித்த துணியையே திரும்ப மடிக்கிறாள். மகளையே கதையைச் சொல்லச் சொல் என்றேன். "அவளும் பாக்க மாட்டாளாம். இந்தப் பிடிவாதம் யார்கிட்டேருந்து வந்துதோ" என்கிறாள்.

போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். இது கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டு ஒரு நாள் குறித்துக்கொள். போன் தலையணைக்கு அடியில் வேண்டாம், மேஜைமேல் நிமிர்த்தி வைக்கச் சொல். நான் படிக்கிறேன். அந்த வாசலில் சூப் கடைக்காரர் வந்து நிற்கும் இடத்திலிருந்து படிக்கிறேன். இந்த முறை உள்ளது உள்ளபடி.

நாய்கள் கடிக்கும், கையுறை இல்லாமல் தொடாதே. நன்றாக இரு.

கீழே என் பெயரைப் போட்டுப் பார்த்தேன், அலுவலகக் கடிதம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். போடவேண்டிய சொல்லை வேண்டாமென்றவன் நான். அதை நானே எப்படி எடுத்துப் போட்டுக்கொள்வது? இடம் மட்டும் விட்டு, கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.