மாடியில் பூட்டி வைத்த தாமரை

மதினி,

எதிர்வீட்டுப் பெண் இன்று காலை தன் தாமரைத் தொட்டியைத் தெருவில் கவிழ்த்தாள். அந்தச் சேற்று நாற்றம் ஜன்னல் வழியே வந்ததும் உங்கள் நினைவு வந்தது. இதில் நீங்கள் பெருமைப்பட ஒன்றுமில்லை. தொட்டியை நிழலில் வைத்துவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றிவிட்டு, பூக்கவில்லையே என்று மூக்கைச் சிந்துகிற கூட்டம் இன்னும் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நீங்கள்தான் தலைவி.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து, சங்கரன்கோவிலில் நான் உங்களோடு ஒரே வீட்டில் இருந்த எழுபதுகளின் கடைசி அது. உங்கள் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இனிச் சரிசெய்ய முடியாது, ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் நம் வீட்டில் ஒரு தாமரை விரிவதைப் பார்த்துவிட வேண்டும் என்றீர்கள். ஆசையை நான் குறை சொல்லவில்லை. செய்த விதத்தைத்தான் சொல்கிறேன்.

முதல் கிழங்கை முருங்கை மரத்தடியில் வைத்தீர்கள்.

"வெயில்ல வாடிரும்ட்டி, பச்சப்புள்ள மாதிரி."

"கொளத்துல தாமரை கொட பிடிச்சிக்கிட்டா நிக்கி?" என்று கேட்டேன். இலை மட்டும் வந்தது.

இரண்டாவதற்குப் பச்சைச் சாணியைக் கூடையோடு கொட்டினீர்கள். அழுகியது.

மூன்றாவதை நானே நட்டேன். ஓட்டையில்லாத, வாய் அகன்ற சிமெண்டுத் தொட்டி, அடியில் மக்கிய எரு, மேலே குருவிகுளத்துக் கரிசல். கிழங்கைப் படுக்க வைத்து, குருத்து நுனி மண்ணுக்கு வெளியே தெரியும்படி விட்டேன். நாள் முழுக்க வெயில் விழும் மொட்டைமாடி. நுனி ஒடிந்தால் எல்லாம் போயிற்று என்று உங்களிடம் மூன்று முறை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து பிரசாதப் புற்றுமண் கொண்டுவந்து, ஒரு சிட்டிகையைக் குருத்தின் மேலேயே பெருவிரலால் அழுத்தினீர்கள்.

"அம்மன் மண்ணுட்டி, அது கெடுக்குமா?"

"மண்ணு கெடுக்கல மதினி. ஒங்க பெருவிரல்தான் கெடுக்குது."

"ஆமா, கான்வென்ட்டுல தாமரைக்குத் தனியா பரீச்சை வச்சாகளோ?"

"வச்சிருந்தா நீங்க பெயில்."

ஒடிந்த குருத்துக்குப் பதில் பக்கத்தில் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு நீங்கள் வெள்ளிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. தினமும் தண்ணீருக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினீர்கள். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"விடுட்டி, பாவம். அக்கா போய்ப் பாத்துட்டு வரட்டும்" என்றார் உங்கள் தம்பி.

"பாக்கதுக்குக் கண்ணு போதும். கை எதுக்கு?"

நீங்கள் படிக்கட்டின் கீழே நின்றிருந்தீர்கள். கேட்டிருக்கும்.

பிறகு காலைதோறும் அங்கே நின்று, "மொட்டு வந்துட்டா?" என்பீர்கள். "வந்தா சொல்லுவேன்" என்பேன். வந்தது. சொல்லவில்லை. சொன்னால் கை வைப்பீர்கள். விரிந்த பூவைக் காட்டி உங்கள் வாயை அடைக்க வேண்டும் என்றிருந்தேன்.

ஆனி மாதக் காலை ஒன்றில் விரிந்தது. உங்களைக் கைபிடித்து மேலே கூட்டிப்போனேன். காற்று புடவையை இழுத்தது. தொட்டியருகே நிறுத்தி, "பாருங்க மதினி" என்றேன்.

குனிந்தீர்கள். நிமிர்ந்து நின்ற ஓர் இலையின் முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லாருக்குட்டி. ரொம்ப நல்லாருக்கு" என்றீர்கள்.

பூ உங்கள் இடப்பக்கம் இருந்தது.

உங்கள் கையை எடுத்துப் பூவின் மேல் வைத்தேன். விரல்கள் ஒவ்வொரு இதழாக நடந்தன.

"செவப்பா?"

"ஆமா."

"செவப்பு மட்டும் போன வாரம் வரைக்கும் தெரிஞ்சுதுட்டி. மொட்டு எப்ப வந்துச்சு?"

"நேத்துதான்" என்றேன்.

தாமரை மொட்டு ஒரே இரவில் விரியாது. தொட்டியில் வளர்த்த யாருக்கும் தெரியும். உங்களுக்குத் தாமரையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது அன்று எனக்கு வசதியாக இருந்தது. "அப்ப சரி" என்றீர்கள்.

இதை உங்கள் தம்பியிடம்கூட அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை. அந்த மொட்டு வந்து இருபது நாள் ஆகியிருந்தது, மதினி.