நீங்கள் கண்ணாடி வாங்கிய ஞாயிற்றுச் சந்தை

அண்ணே,

இன்று காலை ரங்கூன் பசுந்தாங் தேநீர்க்கடையில் ஈச்சாக்வே பொரித்துக்கொண்டிருந்தார்கள். சூடான எண்ணெயில் மாவு உப்பும் அந்த வாசனையில் ஸ்பெயின் துறைமுக ஊர்ச் சந்தை கண்முன் வந்துவிட்டது. அங்கேயும் இதேபோல நீள மாவுக்குச்சி பொரிப்பார்கள். "நம்ம ஈச்சாக்வேக்குச் சீனி தூவி விக்கிறான்டா" என்று சிரித்தீர்கள்.

நம் கப்பல் அங்கே கார்த்தஹேனா துறைமுகத்தில் பழுதுபார்க்க நின்றிருந்த நாட்கள். ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தைக்குப் போவோம். வறண்ட ஆற்றுப்படுகையோரம் தரையில் துணி விரித்து, பித்தளைக் குழாய், கை ஒடிந்த பொம்மை, யார் வீட்டுக் கல்யாணப் படமோ, எல்லாம் விற்பார்கள். மற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சப்பாத்துத் தேடினார்கள். நீங்கள் ஒரு கிழவி குவித்து வைத்திருந்த மூக்குக்கண்ணாடிகளின் முன் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"செத்தவங்க கண்ணாடிண்ணே."

"இருக்கட்டும்டா. அவங்களுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியட்டும்."

ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தீர்கள். அந்தக் கிழவி விலை எழுதிய அட்டையைக் கண் சோதிக்கிறவள்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீங்கள் தெரிகிறதென்று தலையாட்ட ஆட்டப் பின்னால் நகர்ந்து போனாள். கடைசியில் ஒரு பெண்பிள்ளைக் கண்ணாடியில்தான் தூரத்து எழுத்தும் தெரிந்தது. அதையே வாங்கினீர்கள். திரும்பும் வழியில் சொன்னீர்கள், சர்க்கரை வியாதியால் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது என்று. "கப்பல்ல யார்கிட்டயும் சொல்லிடாதே. சின்ன மக படிப்பு முடியட்டும்." சரி என்றேன்.

கடலேறிய இரண்டாம் வாரம் இயந்திர அறையில் நீங்கள் தவறான வால்வைத் திறந்துவிட்டீர்கள். கொதிநீர் பீறிட்டது. பக்கத்தில் நின்ற நம் பர்மியக் கூட்டாளி கோ மின் என் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் என் முகம் வெந்திருக்கும். அன்றே செகண்ட் இஞ்சினியரிடம் உங்கள் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அடுத்த துறைமுகத்தில் உங்களை இறக்கி ஊருக்கு அனுப்பினார்கள். ஏணியில் கால் வைக்குமுன் என் தோளைப் பிடித்து, "பக்கத்துல நின்னு பாத்துட்டு கோ மின் இப்படிப் போட்டுக்கொடுப்பான்னு நெனக்கலடா" என்றீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னதற்காக இன்றும் வருந்தவில்லை, அண்ணே. இன்னொரு முறை அந்த வால்வு திறந்திருந்தால் யாராவது செத்திருப்போம். அந்த ஏணியடியில் பேசாமல் நின்றதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

ரங்கூனில் உங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்தேன்! ஒரு நாள் கோ மின் பழம் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். குரலை வைத்தே கண்டுகொண்டீர்கள். "போகச் சொல்லு அவனை" என்று அண்ணியிடம் சொன்னீர்கள். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை நான் உங்கள் எதிரில் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் உங்கள் உடலை எடுத்தபோது, கோ மின் எதிர்ப்பக்க நடைபாதையில் மழையில் நின்றார். அண்ணி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நின்றார்கள். "அவர் இருந்தா மன்னிச்சிருப்பாரு. என்னால முடியுமான்னு தெரியல, தம்பி. மொதல்ல அந்த மனுசன்கிட்ட போயிச் சொல்லு."

போனேன். போட்டாதாங் படகுத்துறையில்தான் கோ மின்னுக்கு இப்போது வேலை. மூட்டைகளுக்கு நடுவே நின்று, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் பர்மியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"கடைசியில அண்ணன் என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லில் அவர் மனம் ஆறியிருக்கும். ஆனால் நீங்கள் எதுவும் சொல்லவில்லையே, அண்ணே. உண்மையை மறைத்து, சொல்லும்படி நான் விடவில்லையே.

"இல்ல" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு மூட்டையைத் தூக்கப் போனார். இல்லை என்ற அந்த ஒரு சொல்லோடுதான் இப்போது நடமாடிக்கொண்டிருக்கிறேன்.