பின்பாதி உன்னிடம்

திங்கட்கிழமை மதியம்,
தையல் அறை.

அன்புள்ள பின்பாதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் பெண்ணும் பேரப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்களா? கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி சண்டைக்கு வருகிறேன்.

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம். அந்த நாலு பக்கத்தில் பேரப்பிள்ளை மூன்று இடத்தில் வருகிறான், எதிர்வீட்டு டீச்சர் பதினோரு இடத்தில் வருகிறார். டீச்சர் காலையில் நடக்கக் கூப்பிட்டார். டீச்சர் குடை கொடுத்தார். டீச்சர் வீட்டில் ஒரு சுவர் முழுக்கச் சரித்திரப் புத்தகங்கள். சரி, ஊர் புதிது, பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேண்டும்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், ‘நம்ம ரெண்டு ராணி புத்தகத்தோட பின்பாதியை டீச்சர்கிட்ட படிக்கக் குடுத்திருக்கேன்’ என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுத உனக்கு எப்படியடி மனசு வந்தது?

எனக்குப் பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது? வயிறு எரிகிறது.

மறந்துவிட்டாயோ என்னவோ, ஞாபகப்படுத்துகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வாசலில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் அந்தத் தடிமனான சரித்திரப் புத்தகத்தை ஒரே நேரத்தில் கை வைத்து எடுத்தோம். நீயும் விடவில்லை, நானும் விடவில்லை. இந்த அறைக்குக் கொண்டுவந்து, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்து, ‘நம்ம பொழப்பே பிரிச்சுத் தைக்கிறதுதானே’ என்று சொல்லிப் புத்தகத்தின் முதுகைப் பிரித்தவள் நீ. நடுவில் எந்த மடிப்பு வந்ததோ அந்த இடத்தில் நூலை அறுத்தாய். வாக்கியம் முடிந்ததா இல்லையா என்று பார்க்கவில்லை. இரண்டு பாதிக்கும் ஆபரேஷன் அறையின் பழைய பச்சைத் துணியில் அட்டை தைத்து, நாடா வைத்தாய். ‘முன்பாதி நீ படி. பின்பாதி என்கிட்ட இருக்கட்டும். முடிவெல்லாம் படிச்சா உனக்குத் தூக்கம் வராது’ என்றாய். அன்றிலிருந்து ஒன்பது புத்தகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலில் என் பாதியை நான் சொல்வேன், அது முடிந்த பிறகு உன் பாதியை நீ சொல்வாய். கிழிந்த போர்வையெல்லாம் நம் மடியில் கிடக்க, ராஜ்யங்கள் வந்து போகும். சூப்பர்வைசர்தானே நமக்கு முன்பாதி, பின்பாதி என்று பெயர் வைத்தார்? இப்போது சம்பளம் வாங்கப் போனாலும் முன்பாதி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதனால் எனக்குச் சரித்திரத்தில் பாதிதான் தெரியும். எந்த வம்சத்தைக் கேட்டாலும் ஆரம்பத்தைச் சொல்வேன். ஒருத்தன் குதிரையில் வருவான், அண்ணனைத் தள்ளுவான், கோட்டை கட்டுவான், மூன்று கல்யாணம் செய்வான். அதற்குமேல் நீதான். இந்த அழகில் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்திருக்கிறது. நிலத்துக்காகச் சண்டை, துறைமுகத்துக்காகச் சண்டை என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள் பார், அதெல்லாம் சும்மா. கல்யாணத்தில் ஒருத்தனை முன்வரிசையில் உட்கார வைக்காமல் இன்னொருத்தனை உட்கார வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் விஷயம். உன் டீச்சரிடம் கேள், வரி, வாணிபம் என்று ஏதாவது சொல்வார். அவருக்கு என்ன தெரியும்?

நீ போன பிறகு சூப்பர்வைசர் பாவப்பட்டு, ‘பின்பாதிய இனி நான் படிச்சுச் சொல்றேம்மா’ என்றார். நடைபாதையில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கிப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்து நின்றார். ‘எல்லாரும் செத்துட்டாங்கம்மா. சரித்திரம்னா அதானே?’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு உன்னை நினைத்து அழுதேன், தெரியுமா?

ரெண்டு ராணி பின்பாதியை எனக்கு எழுதி அனுப்புகிறேன் என்று ரயிலடியில் கையடித்துச் சொன்னாய். எனக்கு ஒரு வரி வருவதற்குள் அது எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. நல்லது. நூலகத்தில் முழுப் புத்தகம் இருக்காதா என்ன? இந்தச் சனிக்கிழமை போய் எடுத்து நானே பின்பாதியையும் படித்துக்கொள்கிறேன். அப்புறம் நீ யாரோ, நான் யாரோ.

என் வீட்டுக்காரர், அதான் உன் அண்ணன், இதை எட்டிப் பார்த்துவிட்டு, ‘சக்களத்திச் சண்டை கேள்விப்பட்டிருக்கேன், சரித்திரத்துக்கு இப்படி ஒரு சண்டையை இப்பத்தான் பாக்குறேன்’ என்று சிரிக்கிறார். கால் வலி பரவாயில்லை. உன்னை விசாரித்தார்.

இப்படிக்கு,
கோபத்துடன்,
முன்பாதி


சனிக்கிழமை மாலை

பின்பாதிக்கு,

நலம் விசாரிக்க இன்று மனசு இல்லை.

நூலகத்துக்குப் போனேன். ரெண்டு ராணி புத்தகத்தை வேறு யாரோ எடுத்துப் போயிருக்கிறார்களாம், பத்து நாளில் வந்துவிடும், எடுத்து வைக்கிறேன் என்றார் அங்கே இருக்கிற அம்மா. வெறுங்கையோடு வர மனசில்லாமல் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம் முதல் புத்தகம் நின்றுகொண்டிருந்தது. முழுசாக, தோல் அட்டையோடு. பிரிக்காத புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு யாரோ தெரியாதவரைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

அதில் வருகிற கோட்டை வாசல் ராணி கதையை ஒருமுறை படிக்கலாமே என்று உட்கார்ந்தேன். உனக்கு மறக்காது. எதிரி ராஜா அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் வைக்கிறான். அவள் தினமும் கோட்டை வாசலில் வந்து நிற்கிறாள். என் பாதி அங்கே முடிந்துவிட்டது. அப்போது உன் அண்ணன் இதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் கிடந்தார். பஸ்ஸோடு கவிழ்ந்து, நினைவில்லாமல், நாற்பது நாள். நான் கீழே போர்வை தைப்பேன், மேலே போய்ப் பார்ப்பேன், திரும்ப வந்து தைப்பேன். நீ உன் பாதியைத் துண்டு துண்டாகச் சொன்னாய். ஒரு நாளைக்கு இரண்டு பக்கத்துக்குமேல் சொல்ல மாட்டேன் என்றாய். ராஜா சிறையில் ஜன்னல் வழியாக ஒரு பறவைக்குத் தானியம் போட்டார் என்றாய். காவல்காரன் ஒருவன் இரங்கினான் என்றாய். பதினோரு வருடம் கழித்து, தாடி நரைத்து, ஒரு கழுதைமேல் வந்து கோட்டை வாசலில் இறங்கினார், அவளுக்கு அடையாளமே தெரியவில்லை, அவர்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்றாய். அதைக் கேட்டுவிட்டுத்தான் அன்று படியேறினேன். அதற்கு முன்னால் நாலு நாளாக மூன்றாம் மாடிக்குப் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

இன்று படித்தேன். ராஜா இரண்டாம் வருடமே சிறையில் செத்துப் போனார். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மீதி ஒன்பது வருடமும் அவள் இல்லாத ஆளுக்காக நின்றிருக்கிறாள். பறவை இல்லை. காவல்காரன் இல்லை. கழுதை ஏது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாயே, பாவி. ஆறு வருடமாக நானும் அந்தக் கழுதையைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! டாக்டரிடம்கூடச் சொன்னேன்.

இன்னும் எத்தனை பொய்? நீ சொன்னதில் மற்ற ஏழையும் பார்க்கப் போகிறேன். இருக்கட்டும் உனக்கு.

முன்பாதி


புதன்கிழமை மதியம்,
தையல் அறை.

என் பின்பாதிக்கு,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கு என்ன?

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கோபமா, பயமா தெரியவில்லை. எதுவானாலும் இதைப் படி.

பத்து நாளாக வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். நீ சொன்ன பின்பாதிகளை எல்லாம் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன். சூப்பர்வைசர்கூட நம் தையலை இப்படிச் சரிபார்த்திருக்க மாட்டார். ஆறு புத்தகத்தில் நீ ஒரு எழுத்து மாற்றவில்லை. எரிந்த ஊர் எரிந்தது, தலை போனவனுக்குத் தலை போனது. பொய் சொன்னது இரண்டில்தான். ஒன்று கோட்டை வாசல் ராணி. இன்னொன்று, அரண்மனையை விட்டு ஓடிப்போன இளவரசன். அவன் மலைக்குப் போய் ஆடு மேய்த்து, கல்யாணம் செய்து, எழுபது வயசு வரை இருந்தான் என்று சொன்னாய். புத்தகத்தில் ஆற்றைத் தாண்டும்போதே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. எந்த மாசம் நீ அதைச் சொன்னாய் என்று யோசித்துப் பார்த்தேன். என் மகன் அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போய், நாலு மாசம் ஒரு தகவலும் இல்லாமல் இருந்த நேரம் அது.

அந்த நாலு மாசத்தில் எத்தனை பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்! ஒருத்தர் சொன்னதும் காதில் ஏறவில்லை. அவன் எங்கேயோ ஆடு மேய்க்கிறான் என்று நினைத்துத்தான் நான் சாப்பிட்டேன். அவன் வந்தபோது பார்த்தால், துணிக்கடையில் மூட்டை பிரிக்கிற வேலையில் இருந்திருக்கிறான்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் செருப்பைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, ‘அப்ப அந்த ராஜா வரவேயில்லையா?’ என்று கேட்டார். வரவில்லை என்றேன். ‘அப்புறம் நான் எப்படி வந்தேன்?’ என்றார். மறுபடி செருப்பைத் துடைத்துக்கொண்டே, ‘உன் சிநேகிதிக்குக் கடிதம் எழுதினா நான் கேட்டேன்னு எழுது’ என்றார். எழுதிவிட்டேன்.

ஒன்பதாவது புத்தகம்தான் ரெண்டு ராணி. நேற்று அது வந்துவிட்டது என்று நூலகத்து அம்மா எடுத்து வைத்துக் கொடுத்தார். இப்போது என் மெஷின் டிராயரில் இருக்கிறது. முழுப் புத்தகம். நடுவில் விரலை விட்டால் போதும், நீயும் வேண்டாம், டீச்சரும் வேண்டாம். என் பாதி எங்கே அறுந்தது என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ என் பாதியைப் படிப்பதில்லை, சொல்லித்தான் கேட்பாய். இதைச் சொல்வதற்குள் உனக்கு ரயில் வந்துவிட்டது. அக்காவும் தங்கையும் ஒரே சிம்மாசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆண்டார்கள். தங்கையைக் கடல் தாண்டிக் கட்டிக் கொடுத்தார்கள். அக்கா துறைமுகத்தில் நின்றாள். ‘கப்பலில் ஏறிய தங்கை திரும்பிப் பார்த்து,’ என்று இருக்கிறது. அங்கேதான் நூலை அறுத்திருக்கிறாய், மகராசி.

இன்று மதியம் சாப்பிடாமல் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புரட்டவில்லை. பச்சை நாடாவை எடுத்துப் பின்பாதியை இறுக்கிக் கட்டி வைத்துவிட்டேன். சனிக்கிழமை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ‘இவ்வளவு சீக்கிரம் படிச்சிட்டீங்களா?’ என்று அந்த அம்மா ஆச்சரியப்படுவார், படட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. உன் டீச்சர் முழுப் புத்தகமாகப் படிக்கிறவர். அவருக்கு எல்லா முடிவும் தெரியும். அவரிடம் போய் நீ கழுதை வந்தது, காவல்காரன் இரங்கினான் என்றெல்லாம் சொல்ல முடியாது, உடனே திருத்திவிடுவார். இது தோன்றியதிலிருந்து எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு தலையணை உறையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை, வாய்விட்டே கேட்டுவிடுகிறேன். அவரோடு நட, குடையை வாங்கிக்கொள், சுவர் முழுக்க இருக்கிற புத்தகத்தையும் வாங்கிப் படி. உள்ளதை உள்ளபடி அவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. பொய் மட்டும் அவருக்குச் சொல்லாதே. அது என்னுடையது.

அந்தப் பின்பாதியை அவரிடமிருந்து திருப்பி வாங்கு. பச்சை அட்டையில் கறை ஏதாவது பட்டிருந்தால் நான் பொறுப்பில்லை, சொல்லிவிட்டேன். முதல் பக்கத்தின் முதல் வரி, பாதி வாக்கியமாகத்தான் இருக்கும். திரும்பிப் பார்த்து அந்தத் தங்கை என்ன சொன்னாள், கடல் தாண்டிப் போனவள் மறுபடி அக்காவிடம் வந்தாளா என்று எனக்கு எழுது.

புத்தகத்தில் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தாலும், அதைப் பார்த்து எழுதாதே.

பேரப்பிள்ளை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உன் முழங்கால் வலி இல்லாமல் இருக்கட்டும். உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை. போர்வைகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

உன்
முன்பாதி