சிங்க நிறத்தில் ஒரு சேலை

பதுளை
20.5.1979

என் அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

நீயும் மருமகன் பத்மநாதனும் பேத்தி வாசுகியும் ஆபிரிக்காவில், கிட்வேயில் நோய்நொடியில்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாரும் நல்ல சுகம், அந்த முழங்காலும் உன் கடிதம் கிடைத்த நாளிலிருந்து சொற்கேட்டு நடக்கிறது. நீ கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறவள், ஆகையால் காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜூலையில் அங்கே வந்த பிறகு, ஓகஸ்டில் நீங்கள் மிருகங்கள் பார்க்க லுவாங்வா காட்டுக்குப் போகும் ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் வேண்டும்.

நீ எழுதியது எனக்கு நன்றாக விளங்கியது. அந்தக் காட்டில் தங்குகிற முகாம்காரர் வெள்ளை உடுப்பும் கண்ணைப் பறிக்கிற நிறங்களும் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள், மண்ணோடும் மரத்தோடும் சேருகிற நிறம்தான் வேண்டுமாம், இல்லாவிட்டால் மிருகங்கள் தூரத்திலேயே கண்டு விலகிவிடுமாம். அம்மாவோ அப்பா போன பிறகு பதினொரு வருஷமாக வெள்ளையைத் தவிர வேறொன்றும் உடுத்தாதவ, அவவை வற்புறுத்துவது பாவம், ஆகவே மூன்று பேருக்கு மட்டும் இடம் பிடித்து அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போகலாம் என்று நீயும் மருமகனும் யோசித்திருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் மகள், பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பின்னல் பின்னுவதற்காக நான் கடல் கடந்து வரவேண்டியதில்லை, பதுளையிலும் பக்கத்து வீடு இருக்கிறது. கொடியில் மட்டும் சிங்கத்தை வைத்திருக்கிற நாட்டில் அறுபத்தெட்டு வயது வரைக்கும் இருந்தாயிற்று, உயிரோடு ஒரு சிங்கத்தைப் பார்க்காமல் திரும்பினால் வருகிறவர்கள் போகிறவர்களுக்கு நான் என்ன கதை சொல்வது. அதோடு நான் விதிக்கு மாறாக நடந்தவள் அல்ல. கொன்வென்ற்றில் படித்த காலத்திலும் என் சட்டையின் விளிம்பை அளந்து பார்த்த சிஸ்டருக்கு ஒருநாளும் குறை சொல்ல இடம் வைத்ததில்லை. முகாமுக்கு விதி இருந்தால் அந்த விதிப்படி நடப்பேன், அதில் வற்புறுத்தல் எங்கே வந்தது.

உன் கடிதத்தை மடித்து வைத்த கையோடு கடைவீதிக்குப் போனேன். ஜுனைதீன் முதலாளியின் துணிக்கடையில் காலடி வைத்ததும் அவர் வழக்கம்போல வெள்ளை வொயில் சேலையை எடுத்து மேசையில் போட்டார். நிறச்சேலை காட்டுங்கள் என்றேன். பேத்திக்கா அம்மா என்று கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்றேன். பாவம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உங்களுக்கு வெள்ளையே எடுத்துத் தந்து எண்ட கை அந்தப் பக்கமேதான் போகுதும்மா, குறை நினைக்காதீங்க என்று சொல்லி ராக்கைத் தட்டுகளில் இருந்த அத்தனையையும் இறக்கிவிட்டார். ஆனால் என்ன செய்ய, இப்போது கப்பலில் வந்து இறங்குகிற நைலெக்ஸ் சேலை எல்லாம் கிளிப்பச்சையும் பஞ்சுமிட்டாய் நிறமுமாக இருக்கிறது. இதை உடுத்திப் போனால் சிங்கம் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றேன். அதற்கு அவர், சிரிச்சா நல்லம்தானேம்மா, அது கோவிச்சாத்தான் கஷ்டம் என்கிறார். ஒன்றும் வாங்காமல் வந்தேன், வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வரும் வழியிலேயே யோசனை பிறந்துவிட்டது. தேயிலை மலைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு மண் நிறத்துக்கு நான் ஏன் கடையில் அலைய வேண்டும். நமக்கு உதவிக்கு வருகிற இராக்கம்மாவிடம் சொன்னேன், அவள் தோட்டத்தில் தான் இருக்கிற லயத்து வீட்டிலிருந்து ஒரு பை தேயிலைத் தூள் கொண்டுவந்தாள். எதற்கென்று சொன்னதும், தேத்தண்ணி குடிக்கத்தானுங்களே போடுவாங்க, நீங்க சீலைக்கு ஊத்திக் குடுக்கப் போறீங்களாம்மா என்று சிரித்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். பெரிய பாத்திரம் வேண்டுமென்று பலகாரம் பொரிக்கிற இரும்புச் சட்டியை ஏற்றி, சாயம் நன்றாக இறங்கிய பிறகு உப்புப் போட்டு, என் பழைய வொயில் சேலை ஒன்றை அமிழ்த்தி மூடிவைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தால் மண் நிறமும் இல்லை மர நிறமும் இல்லை, மழையில் நனைந்த யானை நிறம். இரும்பும் தேயிலைச் சாயமும் சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்கும் என்று கொன்வென்ற்றில் சிஸ்டர் செய்து காட்டியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நானே செய்த பிழை, ஆகையால் கோபிக்க ஆளில்லை. இராக்கம்மா அதைப் பிழிந்து உதறிப் பார்த்துவிட்டு, இதக் கட்டிக்கிட்டு மொனராகலைப் பக்கம் மட்டும் போயிராதீங்கம்மா, ஆனக்கூட்டம் நம்மாளுன்னு சொல்லி ஒங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிரும் என்றாள். இரண்டாவது சேலையை அலுமினியப் பானையில் போட்டேன். அது நான் நினைத்தபடியே வந்தது, நீ கடிதத்தோடு அனுப்பிய சிங்கப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பிடரி மயிருக்கு நிறம் ஒரு பிடி குறைவு, உடம்புக்குச் சரி. சொன்னால் நம்பமாட்டாய், அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான்.

உன் லீலா மாமிக்கும் இறங்கவில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. அப்பாவின் அக்கா என்ற உரிமை அவவுக்கு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. கொடியில் கிடந்த இரண்டையும் பார்த்துவிட்டு, கமலம், இந்த வயதிலை உனக்கு நிறச்சீலை கேக்குதோ, வெள்ளை உடுத்தா சிங்கம் வந்து பிடிச்சுப்போடுமே, சனம் கேட்டா நான் என்ன சொல்லுறது என்று தொடங்கினா. இதைச் சொல்லும்போது அவ உடுத்தியிருந்தது ஊதாவில் மஞ்சள் கரை. கலியாணமே செய்யாதவவுக்கு எழுபத்திரண்டிலும் எந்த நிறமும் தடையில்லை. நான் விதியை எடுத்துச் சொன்னேன். அப்ப இனிப் பொட்டும் வைப்பியோ என்றா. முகாம்காரர் பொட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றேன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டா. அவ ஏசினால் எனக்குப் பழக்கம், ஆனால் பேசாமல் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவ வேண்டாமென்று தீர்மானமாகச் சொல்லியிருந்தால் நான் காட்டுப் பயணத்தை விட்டிருப்பேன் என்பதையும் உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த இரண்டு மூன்று நாளும் உனக்குப் பதில் எழுதாமல் இருந்ததும் அதனால்தான்.

அதற்காக ஆயத்தங்களை நான் நிறுத்தவில்லை. ஜீப் உயரமாக இருக்கும் என்று எழுதியிருந்தாயே, வாசலில் வந்து நின்ற மரக்கறி லொறியில் முக்காலி வைத்து ஏறிப் பார்த்தேன், ஏறுவது சுகம், இறங்கத்தான் லொறிக்காரனும் இராக்கம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கவேண்டி வந்தது. காட்டில் வாய் திறக்கக்கூடாது என்பதால் விடிய எழும்பிக் கொல்லையில் கதிரை போட்டு அசையாமல் இருந்து பழகினேன், ஒரு கொண்டைக்குருவி என் காலடியிலேயே வந்து மேய்ந்தது, அதை ஒட்டகச்சிவிங்கி என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. நிறச்சேலையோடு பதுளையில் வெளியே இறங்கத் துணிவில்லாதவள் ஆபிரிக்காவில் எப்படி இறங்குவாள் என்று என்னையே கேட்டுக்கொண்டு, யானை நிறச் சேலையை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டேன். பிள்ளையாருக்கு அந்த நிறத்தில் என்ன ஆட்சேபம் இருக்கமுடியும். மாமி பத்தடி பின்னாலே வந்தா. கோயிலில் கச்சேரியில் அரசாங்க வேலை பார்க்கிற உத்தியோகத்தர் ஒருவரின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்து, என்ன மிஸிஸ் இரகுநாதன், வெள்ளையை விட்டிட்டியளோ என்று கேட்டா. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதிலை விட்டுவிட்டுத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து உன் மாமி, அவ ஆபிரிக்காவுக்குச் சிங்கம் பார்க்கப் போறா, அங்கை வெள்ளை உடுத்தினா காட்டுக்குள்ளை விடமாட்டினம், சட்டம், உங்களுக்குத் தெரியாதே என்று ஐயர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னா. திரும்பி வரும்போது பக்கத்திலே நடந்து வந்தா.

அடுத்த நாள் காலையில் குசினியில் தேயிலை வாசம் வந்தது. போய்ப் பார்த்தால் அலுமினியப் பானை அடுப்பில், பெட்டியடியில் நான் புதிதாக வைத்திருந்த வெள்ளைச் சேலை அதற்குள்ளே, மாமி அகப்பைக் காம்பால் கிண்டிக்கொண்டு நிற்கிறா. காட்டிலை நாலு நாளைக்கு இரண்டு சீலை எப்பிடிக் காணும், கசங்கினதை உடுத்திக்கொண்டு நிண்டு அங்கை என்ரை தம்பியின்ரை பேரைக் கெடுக்காதை என்றா. நான் பக்கத்தில் நின்று உப்பு எடுத்துக் கொடுத்தேன். இராக்கம்மா அதைக் காயப்போட்டுக்கொண்டே, ஏம்மா, திரும்பி வந்தப்பறம் இத எப்பிடி வெளுக்கிறது, தேயிலச் சாயம் லேசுல போகாதுங்களே என்று கேட்டாள். மாமி என்னைப் பார்த்தா. அந்தக் கறை போகாதென்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், முதலாவது சேலையை அமிழ்த்தும்போதே எனக்கும் தெரியும். வெளுக்கத் தேவையில்லை என்றேன். மாமி கொடியில் சுருண்டு கிடந்த கரையை நேராக இழுத்துவிட்டுக் குசினிக்குள்ளே போனா.

இனி உனக்குச் சில புத்திமதி. விதி எனக்கு மட்டும் அல்ல, மருமகனின் அந்த மஞ்சள் ஷேர்ட் வீட்டில் நிற்கட்டும், வாசுகிக்குச் சிவப்பு ரிபன் கட்டாதே. மலேரியாவுக்குப் போடுகிற குயினைன் குளிசையைப் பற்றி மருமகனிடம் கேட்டு எழுது. தேயிலை மணக்கிற சேலையை மிருகங்கள் மோப்பம் பிடிக்குமா என்று முகாம்காரரைக் கேட்டு வை, கேட்பதற்கு வெட்கப்படாதே. மாமிக்கு ஒட்டகச்சிவிங்கியின் படம் வேண்டுமாம், சிங்கம் தம்பியின் பெண்சாதிக்கு இருக்கட்டும் என்கிறா.

மூன்று பேரும் நல்ல தேகசுகத்தோடும் ஒற்றுமையோடும் நீடூழி வாழ என் ஆசீர்வாதம், மாமியின் ஆசீர்வாதமும் இதற்குள் அடக்கம். நாலாவது பெயரை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே முகாமுக்கு எழுதிவிடு. ஜூலையில் என்னை எதிர்கொள்ள விமான நிலையத்துக்கு வரும்போது கூட்டத்துக்குள் வெள்ளைச் சேலையைத் தேடிக்கொண்டு நிற்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலாம்பிகை இரகுநாதன்