ஐந்தரை மணி நேரம்

அண்ணா,

உன் மழைக்கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. ஈரக்காற்று வீசினால் அதிலிருந்து ரப்பரும் லேத் பட்டறை எண்ணெயும் கலந்த வாடை வரும். இன்றைக்கு அந்த வாடையில்தான் விழித்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். போர்வைக்குள், உன் போன் வெளிச்சத்தில், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

அதில் நீ கடைசியாகப் பார்த்த மழை ரேடார் பக்கத்தை நான் இன்னும் மூடவில்லை.

பள்ளியில் ரேடார் பற்றி எழுதி வரச் சொன்னபோது, நீ சாப்பிடச் சாப்பிட உனக்குத்தான் முதலில் சொல்லிப் பார்த்தேன். சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு பெரிய கிண்ணம் வானத்துக்குள் ரேடியோ அலைகளை அனுப்பும். மழைத்துளியில் பட்டு அதில் கொஞ்சம் திரும்பி வரும். திரும்ப எடுத்த நேரத்தை வைத்து மழை எவ்வளவு தூரத்தில் என்று தெரியும். திரும்பிய அலை பலமாக இருந்தால் மழையும் பலம், படத்தில் சிவப்பு. விமானத்தையும் கப்பலையும் கண்டுபிடிப்பதும் இப்படித்தான் என்றேன்.

பைபாஸில் உன் வண்டியைப் போலீஸ் பிடித்ததும் இதனால்தானா என்று கேட்டாய். ஆமாம், ஓடும் வண்டியில் பட்ட அலை சற்று மாறித் திரும்பும், அந்த மாற்றம் வேகத்தைக் காட்டிக்கொடுக்கும் என்றேன். "அப்ப ஊட்லயே ஒரு போலீஸ வளத்துகினு கீறோம்," என்று சிரித்தாய். அன்றிலிருந்து நான் உனக்கு வானிலை மேடம். மழைக்காலத்தில் என்னைக் கேட்காமல் நீ வண்டியை எடுத்ததில்லை. எனக்கு அதில் பெருமை.

அன்று சாயங்காலம் தூறல் நின்றிருந்தது. நீ போனை நீட்டினாய். "இன்னா மேடம், கெளம்பலாமா?" அம்பத்தூர் மேல் முழுவதும் சிவப்பு. கீழே நேரம் 11:50 என்று இருந்தது. சுவர்க்கடிகாரத்தில் ஐந்தரை.

"அது காலைல எடுத்த படம்ணா. மழை போயிடுச்சு. நீ போ."

போனைச் சார்ஜில் போட்டாய். மழைக்கோட்டை எடுக்காமல் போனாய். கால் மணி நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. கள்ளிக்குப்பம் பக்கம், சாலை எது கால்வாய் எது என்று தெரியாத தண்ணீரில் உன் வண்டி இறங்கியது. மறுநாள் காலையில்தான் உன்னைத் தூக்கி வந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். நேரத்தை ஒட்டிச் சின்னதாக மூன்று எழுத்துகள்: யு.டி.சி. உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரமாம். நம் நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணி கூட்ட வேண்டுமாம். 11:50 என்றால் சாயங்காலம் 5:20. அது காலையில் எடுத்த படம் இல்லை. பத்து நிமிடத்துக்கு முந்தைய படம்.

யாரிடமும் சொல்லவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "மழ சொல்லாம வந்துடுச்சு," என்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். மழை சொல்லிவிட்டுத்தான் வந்தது அண்ணா. நான்தான் தப்பாகப் படித்தேன்.

அம்மாவுக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட். ஐந்து மணிக்கு அதே கால்வாய் ஓரமாகத்தான் எஸ்டேட் கம்பெனிக்கு நடப்பாள். இங்கே நம் மேனாம்பேட்டில் இப்போது ஒரு தூறல்கூட இல்லை. தெருநாய்கள்கூடச் சத்தம் போடவில்லை. ஆனால் படத்தில், கடலிலிருந்து சிவப்பு நகர்ந்து வருகிறது. நான் எழுத ஆரம்பித்தபோது கரையைத் தொடவில்லை. இப்போது நகரத்தைப் பாதி மூடிவிட்டது.

படத்தில் சிவப்பு வந்தால் போகாதே என்று நேற்றே சொல்லிப் பார்த்தேன். "உங்கண்ணன் பாக்காத படமா? அது இன்னாத்த காப்பாத்துச்சு?" என்றாள். படம் சரியாகத்தான் சொன்னது என்று அவள் நம்ப வேண்டுமானால், அன்று அதைத் தப்பாகப் படித்தது யார் என்பதையும் நான் சொல்ல வேண்டும். அதன்பிறகு அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்?

எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் என் மனசு தானாக ஐந்தரையைக் கூட்டுகிறது. பரீட்சை அறையில்கூட.

புதுப் படம் வந்துவிட்டது. 22:10. கூட்டினால் 3:40. சிவப்பு வில்லிவாக்கத்தைத் தாண்டி நம் பக்கம் வருகிறது. அம்மாவின் அலாரம் நாலரைக்கு.

நோட்டை மூடுகிறேன் அண்ணா. அம்மாவை எழுப்பி, 11:50-லிருந்து சொல்ல ஆரம்பிக்கப் போகிறேன்.