சாந்தி சொன்ன பதில்

வியாழன், இரவு.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லெட்சுமியையும் மகள் சாந்தியையும் இன்று பதுளையில் டொக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் எழுதித் தந்தால்தான் பிள்ளையை விசேட கல்விப் பிரிவில் சேர்க்க முடியும்.

டொக்டர் பெயர் கேட்டார். சாந்தி சொன்னாள். வயது, அம்மா பெயர், தோட்டத்தின் பெயர் என்று எல்லாவற்றுக்கும் கடகடவென்று பதில் வந்தது. "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று எதுவும் எழுதித் தராமலே ஃபைலை மூடிவிட்டார். சமூக சேவை உத்தியோகத்தராக நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

வெளியே வந்ததும் லெட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு வாரமா கொழுந்து எடுத்துட்டு வந்து, உக்கார வச்சு சொல்லிக் குடுத்தேங்க மிஸ். டொக்டர் முன்னால பிள்ள முழிச்சா நமக்குத்தானே அவமானம்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாந்தியைப் படிப்பிக்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் கைவிரித்தபோது, என்னிடம் வந்து அழுதவளும் இதே லெட்சுமிதான். இன்று நடந்தது என்னவென்று அவளிடம் எப்படிச் சொல்வது?

திரும்பும்போது பஸ்ஸில் சாந்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயிலில் உதடு காய்ந்திருந்தது.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றேன்.

"ஏழு வயசு" என்றாள்.

முன் சீட்டிலிருந்து லெட்சுமி திரும்பினாள்.

"பாத்தீங்களா மிஸ், இன்னும் மறக்கல."