அம்மா படிக்காத மூன்று அத்தியாயங்கள்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், கண்ணும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமென்று ஒரு வரி வந்தால் மனசும் நலமாகிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு நானே எழுதும் முதல் கடிதம், வரி மலையேறினால் சிரிக்காதே.

போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று. ஒரு சாயங்காலம் கூடத்தில் படுத்திருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் உன் அம்மா பேசினாள். அவள் போய் எட்டு மாதமாகிறதே, ஆசைதான் காதில் கேட்கிறது என்று புரண்டு படுத்தேன். குரல் நிற்கவில்லை. நிதானமாக எதையோ படித்துக்கொண்டே வந்து, நடுவில், "ஏங்க, அடுப்ப அணைச்சீங்களா?" என்றது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பு எரியவே இல்லை. அப்போதுதான் யார் சொல்லி எழுந்து வந்தேன் என்று உறைத்தது.

எனக்குக் கண் மங்கியபோது, நான் காசு கொடுத்து வாங்கிய மின்நூல் நாவலை அம்மா வாய்விட்டுப் படித்து என் போனில் பதிவு செய்து தந்தாள் அல்லவா, அதுதான்; நடுவில் என்னிடம் கேட்டதும் அதிலேயே பதிவாகியிருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சரைக் கேட்டால், யாரோ அனுப்பினாங்க, நல்லாயிருக்குன்னு தினமும் கேக்கறேன் என்கிறார். கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன், லிஃப்டில் முன்பின் தெரியாத பெண்ணின் கைப்பைக்குள்ளிருந்து உன் அம்மா இருமினாள். போனவள் ஊரெல்லாம் நடமாடுகிறாள். நூல் பிடித்துப் போய்ப் பார்த்தால், அம்மாவைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் பெண், கண் தெரியாத தன் அத்தைக்கென்று என் போனிலிருந்து ஒரு பிரதி எடுத்திருக்கிறாள். அத்தை யாருக்கோ, அவர் யாருக்கோ. "நீங்க வாங்கின புக்குதானேப்பா, தப்புன்னே தோணலை" என்று அழுதாள்.

உன் வக்கீல் மாமாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். நீங்க வாங்கினது புத்தகமில்லை அத்தான், படிக்கிற அனுமதி, கண் தெரியாதவருக்குக் கேட்கிற பிரதி எடுக்கப் பல இடங்களில் சட்டம் வழிவிடுது, ஆனா ஊருக்கெல்லாம் கை மாத்த விடாது என்றார். பிறகு பதிவைப் போட்டேன். அக்கா குரலைக் கேட்டதும் சட்டம் மறந்துபோய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாவலை எழுதிய பெண்ணைத் தேடி நானே போன் செய்தேன். பகலில் மருந்துக்கடை வேலை, விடியற்காலையில் எழுத்து, ஆறு வருஷ உழைப்பாம். வழியில் பார்ப்பவரெல்லாம் பாராட்டறாங்க, புத்தகம் மட்டும் விக்கவே இல்லை, "நான் ஆக்கின சோத்தை யாரோ பரிமாறிட்டுப் போறாங்கப்பா" என்றாள். சாப்பிட்ட கை கூசியது. நானும் நர்ஸ் பெண்ணும் தெரிந்த வீடெல்லாம் ஏறி இறங்கி அழிக்கச் சொன்னோம். டீச்சர் அழித்துவிட்டு, வீடே வெறிச்சுன்னு ஆயிடுச்சு என்றார்.

அதற்குப்பின் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முறையாக ஒலிநூலாகவே போட்டுவிடலாம், அம்மா படிக்காமல் போன கடைசி மூன்று அத்தியாயங்களை அவர் குரலிலேயே இயந்திரம் படித்துவிடும் என்று, அந்தப் பெண் சொல்லிப் பதிவைக் கேட்ட அவள் பதிப்பாளர் மாதிரிக்கு ஒன்று அனுப்பினார். போட்டுக் கேட்டேன். அவளேதான். அதே இழுப்பு, 'ழ'வில் அதே குழைவு. அவள் கண்ணால் பார்த்தேயிராத வரிகள். எங்கும் நிறுத்தி மூச்சு மட்டும் இழுக்கவில்லை. கடைசியில், புத்தகத்தில் இல்லாததை, "ஏங்க, தூங்கிட்டீங்களா?" என்றது. "இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வீட்டுக்குள் இருக்க முடியாமல், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து நின்றேன்.

அவ படிச்சதைப் போடுங்க, படிக்காததை அவ தலையில கட்டாதீங்க என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். எழுதிய பெண்ணும் அப்படியே சொன்னாள். மிச்சத்தை நான் படிக்கப்போகிறேன், தகர டப்பாக் குரல்தான், பரவாயில்லை. அம்மாவின் குரலில் உனக்கும் பாத்தியதை உண்டு, நீ சரியென்று எழுதாமல் பதிப்பாளரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் நீயே முதலில் பேசு. இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அந்த மாதிரியை நான் அழித்துவிட்டேன், அவர்களிடம் இருக்கிறதோ என்னவோ. என்றைக்காவது உன் போனில் அம்மா உன்னைச் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிட்டால், நடுவில் மூச்சு இழுக்கிறாளா என்று கவனி. இழுக்காவிட்டால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், பதில் சொல்லாதே கண்ணு.

ஆசிகளுடன்,
உன் அப்பா